கோஆக்ஸ் சோக் வேலை செய்கிறதா? கையடக்க அனலைசரால் அளந்து அறியும் முறை

ஆண்டெனாவையும் நிலையத்தையும் இணைக்கும் கேபிள் கோஆக்ஸ்; அதன் வெளிப்பரப்பில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுப்பது சோக். டைபோல் (இரு கைகள் கொண்ட கம்பி) ஆண்டெனாவின் நடுவில் ஃபெரைட் (காந்தத் தன்மை கொண்ட பீங்கான்) வளையச் சோக் ஒன்றை மாட்டியதும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் பலர் நானோவிஎன்ஏ என்ற கையடக்க அனலைசரை எடுத்து, கோஆக்ஸின் வீட்டு முனையில் செருகி, எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) பார்க்கிறார்கள். 1.2 வந்தால் சோக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படை இல்லை. சோக்கே இல்லாத ஆண்டெனாவும் 1.2 காட்டும். தவறான வளையத்தில் சுற்றிய சோக்கும் 1.2 காட்டும். சோக்கின் தரத்தைச் சொல்லும் எண் வேறு. அதே கருவியில், வேறு இணைப்பில்தான் அந்த எண் கிடைக்கும்.

காவிரிப் படுகையில் இதைச் சரியாக அறிந்திருப்பதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிச் சேவை அறுந்தது. அப்படிப்பட்ட நாட்களில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் நிலையத்துக்குச் சக்தியைக் கூட்ட வழியில்லை. இரைச்சலைக் குறைப்பதுதான் கையில் உள்ள வழி. அந்த இரைச்சலில் ஒரு பங்கு கோஆக்ஸின் வெளிப்பரப்பு வழியாக உள்ளே வருகிறது.

கோஆக்ஸுக்குள் மூன்று பாதைகள்

கண்ணுக்குத் தெரிவது இரண்டு கடத்திகள்: நடுக்கம்பியும் அதைச் சுற்றிய செம்புப் பின்னலும். ரேடியோ அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அது இறங்கும் ஆழம் சுமார் 0.025 மில்லிமீட்டர். பின்னல் இதைவிடத் தடிமன் என்பதால் அதன் உட்பரப்பில் ஓடுவதும் வெளிப்பரப்பில் ஓடுவதும் ஒன்றையொன்று அறியாது. ஆகவே பாதைகள் மூன்று:

1. நடுக்கம்பி.
2. பின்னலின் உட்பரப்பு. நடுக்கம்பியில் போவதற்குச் சமமாக, எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் இதில் இருக்கிறது. நாம் அனுப்ப விரும்பும் சிக்னல் இந்த இணைதான்.
3. பின்னலின் வெளிப்பரப்பு. இதில் ஓடுவது காமன் மோட் மின்னோட்டம். இது கேபிளையே ஆண்டெனாவாக்கிவிடும்.

டைபோலின் ஒரு கை நடுக்கம்பியோடும் மறு கை பின்னலோடும் சேர்கிற இடத்தில், பின்னல் பக்கத்து மின்னோட்டத்துக்கு இரண்டு வழி திறக்கிறது: டைபோலின் கை ஒன்று, கோஆக்ஸின் வெளிப்பரப்பு மற்றொன்று. எந்த வழியில் எவ்வளவு போகும் என்பதை அந்த வெளிப்பாதையின் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) தீர்மானிக்கிறது. அதுவோ கேபிளின் நீளத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். ஃபீட் பாயிண்டிலிருந்து (கேபிள் ஆண்டெனாவோடு சேரும் இடம்) நிலத்தில் அடித்த எர்த் பைப் வரையுள்ள மொத்தத் தூரம் அரை அலைநீளத்தை ஒட்டியிருந்தால் இம்பிடன்ஸ் சரிந்து, வெளிப்பாதையில் மின்னோட்டம் தாராளமாக ஓடும். 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 21 மீட்டர். தென்னையின் உச்சியிலிருந்து கொல்லையைக் கடந்து வீட்டு எர்த் வரை வரும் கேபிளுக்கு இது வெகு சாதாரணமான நீளம். ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கில் கேபிளின் 0.66 வேகக் காரணியைப் (அலையின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் எத்தனை பங்கு என்பது) போடக் கூடாது. அது உள்ளே போகும் அலைக்கு உரியது. வெளிப்பரப்பில் அலை ஏறத்தாழ வெறும் கம்பியில் போவதைப் போலவே போகிறது.

அனுப்பும்போது நடப்பதே பெறும்போது தலைகீழாக நடக்கிறது. எல்இடி விளக்கின் டிரைவர், இன்வெர்ட்டர், சூரிய மின் பம்பின் கன்ட்ரோலர் ஆகியவை கக்கும் இரைச்சல் வீட்டு வயரிங்கிலிருந்து பின்னலின் வெளிப்பரப்பில் ஏறி, ஃபீட் பாயிண்ட் வரை போய், அங்கே உள்ளே நுழைந்து ரிசீவருக்குத் திரும்பி வருகிறது.

எத்தனை ஓம் வேண்டும்

சோக் என்பது மூன்றாம் பாதையில் மட்டும் குறுக்கே நிற்கும் தடுப்பு. வாய்க்காலில் ஓடும் நீரைத் தொடாமல், கரைக்கு வெளியே கசிவதை மட்டும் அடைப்பது போல. வளையத்துக்குள் போகும் கோஆக்ஸின் உள்ளே இரு எதிர் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அவற்றை ஃபெரைட் உணர்வதில்லை. வெளிப்பரப்பில் தனியாக ஓடுவதை மட்டுமே உணர்கிறது.

1000 ஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. 3000 ஓம் நல்லது. 5000 ஓம் இருந்தால் நிம்மதி. ஆனால் ஓமின் அளவு பாதிச் செய்திதான். அந்த ஓம் ரெசிஸ்டன்ஸா (மின்தடை), ரியாக்டன்ஸா (மின்மறுப்பு) என்பது மீதிப் பாதி. கேபிளின் வெளிப்பாதை சில நீளங்களில் மின்தேக்கி போலவும் சில நீளங்களில் மின்தூண்டி போலவும் நடந்துகொள்ளும். சோக் வெறும் மின்தூண்டியாக இருந்து, கேபிள் அதே அளவு மின்தேக்கியாக அமைந்துவிட்டால் இரண்டும் கழிந்துபோய், சோக் போடாதபோது இருந்ததைவிட அதிக மின்னோட்டம் ஓடும். ரெசிஸ்டன்ஸைக் கழிக்க எந்தக் கேபிள் நீளத்தாலும் முடியாது. நல்ல சோக் என்பதற்கு இலக்கணம் இதுதான்: இம்பிடன்ஸ் உயர்ந்திருக்க வேண்டும், அதில் பெரும்பகுதி ரெசிஸ்டன்ஸாக இருக்க வேண்டும்.

ரெசிஸ்டன்ஸ் என்றால் சூடாகுமே என்று தயங்க வேண்டாம். 100 வாட், 70 ஓம் டைபோல் என்றால் ஃபீட் பாயிண்டில் சுமார் 84 வோல்ட். சமநிலையான ஆண்டெனாவில் அதில் பாதி, 42 வோல்ட், சோக்கின் மீது விழும். 500 ஓம் சோக்கில் இது 3.5 வாட் வெப்பம். 5000 ஓம் சோக்கில் 0.35 வாட். சுடுவது அரைகுறைச் சோக்தான். நடுவிலிருந்து விலகி ஊட்டப்படும் ஆண்டெனாக்களில் அந்த வோல்ட் பல மடங்கு ஏறும், அங்கே அரைகுறைச் சோக் வளையத்தையும் கேபிளையும் சேர்த்தே கெடுக்கும்.

எஸ்11 போதாது, எஸ்21 வேண்டும்

எஸ்11 என்பது அனலைசரின் முதல் போர்ட்டிலிருந்து (இணைப்பு வாய்) போய்த் திரும்பி வரும் அலை. எஸ்டபிள்யூஆர் இதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எஸ்21 என்பது முதல் போர்ட்டிலிருந்து இரண்டாம் போர்ட்டுக்குக் கடந்து செல்லும் அலை.

ஒரு சோக்கை முதல் போர்ட்டில் மட்டும் மாட்டி எஸ்11-இல் இம்பிடன்ஸ் படித்தால் என்ன ஆகும்? 3000 ஓமுக்கு ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலையில் ஏற்படும் குறைவு) 0.29 டெசிபெல், 5000 ஓமுக்கு 0.17 டெசிபெல். வித்தியாசம் 0.12 டெசிபெல்தான். கேலிப்ரேஷனில் (அளக்கும் முன் கருவியைச் சரிப்படுத்துவது) விழும் சிறு பிழையே இதை விழுங்கிவிடும். அதே இரண்டும் போர்ட்டுகளுக்கு நடுவே தொடராக வந்தால் எஸ்21 முறையே −29.8, −34.2 டெசிபெல். நான்கு டெசிபெலுக்கு மேல் இடைவெளி, திரையில் கண்ணால் பார்க்கலாம். சில நூறு ஓமுக்குக் கீழே எஸ்11 நம்பகமானது. சோக் அளவுக்கு எஸ்21தான்.

அளவுச் சட்டம்: தேவையானவை

கேபிளைக் கனெக்டர் வழியாக நேராக இரு போர்ட்டிலும் செருகினால் அளக்கப்படுவது உள்ளே போகும் சிக்னலின் இழப்பு. காமன் மோட் அதில் வராது. இதற்கென்று சோக்கைப் பிடித்து அளக்கும் ஒரு சிறு சட்டம் (தாங்கி) செய்துகொள்ள வேண்டும்.

1. 12 சென்டிமீட்டர் நீளச் செம்புத் தகடு அல்லது செம்புப் பூச்சுப் பலகைத் துண்டு.
2. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு எஸ்எம்ஏ (சிறிய திருகு வகை) பேனல் சாக்கெட். இரண்டின் உடலும் தகட்டோடு சால்டர் ஆகியிருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு சாக்கெட்டின் நடு ஊசியிலும் 2 சென்டிமீட்டருக்கு மிகாத கம்பி, அதன் நுனியில் சிறிய முதலை கிளிப்.
4. இரண்டு 100 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பக்க இணைப்பில். 50 ஓம் லோட் இதுதான்.
5. சரிபார்க்க ஒரு 4700 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்.

அளக்கும் வரிசை

1. ஸ்வீப்பை (கருவி அளந்துகொண்டு போகும் அதிர்வெண் வீச்சு) 1 முதல் 31 மெகாஹெர்ட்ஸ் வரை வையுங்கள். 101 புள்ளிகள் மட்டும் தரும் கருவியில் இது 0.3 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி. ஃபெரைட் சோக்குக்குப் போதும்.

2. கேலிப்ரேஷனைக் கிளிப்புகளின் நுனியில் செய்யுங்கள். ஓப்பன்: கிளிப் எதையும் தொடாமல். ஷார்ட்: கிளிப்பைத் தகட்டோடு சேர்த்து. லோட்: கிளிப்புக்கும் தகட்டுக்கும் இடையே 50 ஓம். ஐசோலேஷன்: இரு கிளிப்புகளும் விலகியபடி. த்ரூ: இரு கிளிப்புகளையும் குட்டையான தடித்த கம்பியால் இணைத்து. முடித்துச் சேமியுங்கள்.

3. கிளிப்புகளைப் பிரித்துவிட்டு எஸ்21 பாருங்கள். 30 மெகாஹெர்ட்ஸில் −50 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும். −40 காட்டினால் இரு கிளிப்புகளுக்கும் இடையே அரை பிகோஃபாரட் மின்தேக்கக் கசிவு இருக்கிறது. அவற்றை விலக்குங்கள்.

4. 4700 ஓம் ரெசிஸ்டரைக் கிளிப்புகளுக்கு நடுவே மாட்டுங்கள். −33.6 டெசிபெல் வர வேண்டும், 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய சமமாக. மேல் முனையில் −31-க்கு ஏறினால் மொத்தக் கசிவு 1 பிகோஃபாரட். அந்த நிலையில் சோக்கின் 21, 28 மெகாஹெர்ட்ஸ் எண்களை நம்ப வேண்டாம். பலர் தாண்டிப்போகிற படி இது. தாண்டக் கூடாத படியும் இதுதான்.

5. சோக்கின் ஒவ்வொரு முனையிலும் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒன்றாகச் சேருங்கள். ஒரு முனையை முதல் கிளிப்பிலும் மறு முனையை இரண்டாம் கிளிப்பிலும் மாட்டுங்கள். சோக்கின் எந்தப் பகுதியும் செம்புத் தகட்டைத் தொடக் கூடாது. இரும்பு பீரோ, இரும்புக் கட்டில், கருவி வைத்த தகர மேசை எதன் மீதும் வைக்காதீர்கள். மரப் பலகையோ தெர்மாகோலோ நல்லது. கையால் பிடித்தபடி படிக்கவும் கூடாது.

6. எஸ்21-இன் அளவையும் ஃபேஸையும் (அலையின் கட்டக் கோணம்) ஒன்றாகத் திரையில் வைத்து 7.1, 14.2, 21.2, 28.5 மெகாஹெர்ட்ஸில் மார்க்கர் போட்டுக் குறியுங்கள்.

எண்களைப் படிப்பது

கணக்கு எளிது: சோக்கின் இம்பிடன்ஸ் = 100 × (1 ÷ எஸ்21 − 1). 100 என்பது இரு போர்ட்டுகளின் 50 ஓம்களின் கூட்டு. இதில் எஸ்21-ஐ டெசிபெலாக அல்ல, விகிதமாகப் போட வேண்டும்: −20 டெசிபெல் என்றால் 0.1. ரெசிஸ்டன்ஸ் மிகுந்த சோக்குக்கு இந்த நான்கு எண்களை நினைவில் வைத்தால் போதும்:

−20 டெசிபெல் = 900 ஓம்
−26 டெசிபெல் = 1900 ஓம்
−30 டெசிபெல் = 3060 ஓம்
−34 டெசிபெல் = 4900 ஓம்

அடுத்தது ஃபேஸ். இதைப் பார்க்காமல் டெசிபெலை மட்டும் பார்ப்பது பாதி வேலை. ஃபேஸ் −90 பாகையை நெருங்கினால் சோக் வெறும் மின்தூண்டி. 0-ஐ ஒட்டியிருந்தால் முழு ரெசிஸ்டன்ஸ். +90-ஐ நெருங்கினால் சுற்றுகளுக்கு இடையேயான மின்தேக்கம் ஆளத் தொடங்கிவிட்டது. −45-க்கும் +45-க்கும் நடுவே இருக்கிற அதிர்வெண் பட்டைகளில்தான் அந்தச் சோக்கை நம்பலாம்.

ஒரு கணக்கு: 7.1 மெகாஹெர்ட்ஸில் −32 டெசிபெல், −40 பாகை என்று வந்தால், 1 ÷ எஸ்21-இன் அளவு 39.8. அதன் மெய்ப் பகுதி 30.5, கற்பனைப் பகுதி 25.6. ஆகவே ரெசிஸ்டன்ஸ் 2950 ஓம், ரியாக்டன்ஸ் 2560 ஓம், மொத்த அளவு சுமார் 3900 ஓம். ஏற்கத்தக்க சோக். நானோவிஎன்ஏவின் சில ஃபர்ம்வேர்களும் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) கணினி மென்பொருளும் தொடர் இணைப்புக்கான இம்பிடன்ஸை நேரடியாகவே காட்டும். கணக்கு தெரிந்தவருக்கு அது வசதி. தெரியாமல் எஸ்11-க்கான இம்பிடன்ஸ் திரையைப் பார்த்துவிட்டால் தவறான எண்ணே கிடைக்கும்.

பிவிசி பைப்பில் சுற்றிய சுருள்

ஃபெரைட் கிடைக்காதபோது நான்கு இஞ்ச் பிவிசி பைப்பில் கோஆக்ஸைச் சுற்றிக் கட்டுவது நெடுநாள் வழக்கம். இதை அளந்தால் மேலே சொன்ன இலக்கணம் கண்முன் விளங்கும். 110 மில்லிமீட்டர் பைப்பில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று நெருக்கமாகச் சுற்ற சுமார் 4.3 மீட்டர் கேபிள் செலவாகும். மின்தூண்டல் எண் கணக்குப்படி 17 மைக்ரோஹென்றி. 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 750 ஓம் ரியாக்டன்ஸ். எஸ்21 −17.6 டெசிபெல், ஃபேஸ் −82 பாகை. ரெசிஸ்டன்ஸ் என்று சொல்ல ஏதுமில்லை. கேபிளின் வெளிப்பாதை 750 ஓம் மின்தேக்கியாக அமைகிற நீளத்தில் இந்தச் சோக் இருந்தும் இல்லாததைவிட மோசம்.

இன்னும் மேலே ஸ்வீப்பை நகர்த்தினால் ஓரிடத்தில் −40-க்கும் கீழே கூர்மையான பள்ளம் தெரியும். சுருளின் சொந்த அதிர்வு அது. பார்க்க மயக்கும், ஆனால் பட்டை மிகக் குறுகல். 101 புள்ளி ஸ்வீப்பில் அது இரு புள்ளிகளுக்கு நடுவே தவறியும் போகலாம். ஒரே பட்டைக்கு, அந்தப் பட்டையில் அளந்து சரிசெய்த சுருள் பயன்படும். எல்லாப் பட்டைக்கும் ஒரே சுருள் என்பதை ஏற்க முடியாது.

வளையம் எந்த ரகம்

எஃப்டி240 அளவு வளையத்தின் வெளி விட்டம் 61 மில்லிமீட்டர், துளை சுமார் 35 மில்லிமீட்டர். ரகம் (ஃபெரைட் கலவையின் எண்) 31, 43 இரண்டும் 7 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வேலைக்குப் பொருந்தும். 61 ரகம் இதற்கு உகந்ததல்ல. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து கழற்றும் மஞ்சள்-வெள்ளை வளையம் ஃபெரைட்டே அல்ல, இரும்புத் தூள். எத்தனை சுற்று சுற்றினாலும் நல்ல சோக் ஆகாது.

கடையில் ரகம் சொல்லாமல் தரும் கறுப்பு வளையத்தைச் சோதிக்க எஸ்11 போதும். மெல்லிய கம்பியை 10 சுற்று சுற்றி 100 கிலோஹெர்ட்ஸில் மின்தூண்டல் பாருங்கள். எஃப்டி240 அளவில் 43 ரகமானால் சுமார் 105 மைக்ரோஹென்றி, 20 சதவீதம் கூடவோ குறையவோ. 61 ரகமானால் 17. சுற்றை எண்ணும் விதி: துளைக்குள் ஒரு முறை நுழைந்தால் ஒரு சுற்று.

கோஆக்ஸை 12 சுற்றில் தொடங்கி அளந்து மாற்றுங்கள். சுற்றைக் கூட்டினால் கீழ்ப்பட்டைகளில் இம்பிடன்ஸ் ஏறும், ஆனால் உச்சம் கீழ்நோக்கி நகர்ந்து 28 மெகாஹெர்ட்ஸில் சோக் மின்தேக்கியாகிவிடும். 7-க்கும் 28-க்கும் ஒருசேர வேண்டுமானால் ஒரே வளையத்தில் திணிப்பதைவிட, வேறு வேறு சுற்று எண்ணிக்கையில் இரண்டு சோக்குகளைத் தொடராக வைப்பது மேல். கேபிளில் திட பாலிதீன் நிரம்பிய ஆர்ஜி-58 அல்லது மெல்லிய டெஃப்லான் ஆர்ஜி-316 எடுங்கள். நுரை நிரம்பிய கேபிளை இவ்வளவு இறுக்கமாக வளைத்தால் நடுக்கம்பி நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடலாம்.

எங்கே தவறுகிறது

மிக அடிக்கடி நடப்பது உலோகப் பெட்டித் தவறு. இரு முனைக்கும் எஸ்ஓ-239 சாக்கெட் வைத்து அலுமினியப் பெட்டியில் பூட்டினால், இரண்டு சாக்கெட்டுகளின் உடலும் பெட்டி வழியே சேர்ந்து சோக்கையே ஷார்ட் செய்துவிடும். எஸ்டபிள்யூஆர் துளியும் மாறாது, எஸ்21 மட்டும் 0 டெசிபெலை ஒட்டி நிற்கும். பிளாஸ்டிக் பெட்டிதான் வேண்டும். பெட்டியில் பூட்டிய பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது, சோக்கின் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருவது. 2 பிகோஃபாரட் கசிந்தாலே 28 மெகாஹெர்ட்ஸில் 2800 ஓம் பக்கப் பாதை உருவாகிறது. நுழையும் கேபிளும் வெளியேறும் கேபிளும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும்.

சோக் தேறிய பின், உள்ளே போகும் சிக்னலுக்கு அது தீங்கு செய்யவில்லை என்பதைத் தனியே பாருங்கள். முனைகளின் சேர்ப்பை அவிழ்த்து, மறு முனையில் 50 ஓம் லோட் போட்டு எஸ்டபிள்யூஆர் எடுத்தால் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 1.1-க்குள் வர வேண்டும். எஸ்டபிள்யூஆர் சோக்கில் சொல்ல முடிந்தது இவ்வளவே.

மேலே ஏற்றிய பிறகு

முதல் சோக் ஃபீட் பாயிண்டில். இரண்டாவது கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வயரிங் இரைச்சல் வெளியே ஏறுவதை அது தடுக்கும். வயல் வரப்பில் கிடக்கும் கேபிளின் வெளிப்பாதை, கோடையில் காய்ந்த மண்ணிலும் சம்பா நடவில் நீர் நின்ற மண்ணிலும் ஒரே மாதிரி இருக்காது. மாட்டிய இடத்தில் பார்க்கும் மாற்றத்தை வைத்துச் சோக்கை எடைபோடாமல் மேசையில் அளந்த எண்ணை நம்புவது அதனால்தான்.

ஆண்டெனாவோடு இணைந்த கேபிளில் அனலைசரைச் செருகும் முன் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு கணம் சேர்த்து நிலைமின்னூட்டத்தை இறக்குங்கள். இடி கேட்கும் நாளில் செருகவே வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் இணைந்த பாதையில் நானோவிஎன்ஏ ஒரு நொடியும் இருக்கக் கூடாது.

நாகை, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்று செம்புப் பின்னலைக் கறுக்க வைக்கும். பெட்டியின் மூட்டுகளை சிலிக்கானால் அடைத்து, அடிப்பக்கம் மட்டும் 3 மில்லிமீட்டர் துளை விடுங்கள். உள்ளே வியர்க்கும் நீர் வடிய அது வேண்டும். பெட்டிக்குள் போகும் கேபிள் கீழே தொங்கி மேலேறி நுழையட்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அளந்த எஸ்21, ஃபேஸ் எண்களைத் தேதியோடு மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், சோக்கைக் கழற்றி அதே சட்டத்தில் மறுபடி அளந்து அந்த எண்களோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபெலுக்கு மேல் வேறுபட்டால் முதலில் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்21 மாறாமல் 50 ஓம் லோடில் எஸ்டபிள்யூஆர் மட்டும் கெட்டிருந்தால் கேபிளுக்குள் நீர் இறங்கியிருக்கலாம்.